கிணற்றுக்குக் கொண்டுபோன தண்ணீர்

புதிதாகப் பள்ளிக்கூடத்தில் ஆயா, பியூன் வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் உங்கள் சங்கக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லிக் கேட்டீர்களாம். நின்று பேச முழங்கால் இடம் கொடுக்காது. உட்கார்ந்து பேசினால் பாதியில் தூங்கிவிடுவேன். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். மெதுவாகத்தான் எழுத வரும். கரும்பலகை துடைக்கப் போன இடத்தில், துடைப்பதற்கு முன்னால் ஒரு தடவை எழுத்துக் கூட்டி வாசித்துக் கற்றுக்கொண்ட எழுத்து என்னுடையது. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

மணி அடிப்பது, கூட்டுவது, பானை தேய்ப்பது, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது சில நாளில் கைக்கு வந்துவிடும். உடம்பு அசந்துபோன நேரத்தில், ஒருத்தரும் பார்க்காத இடத்தில், எதைச் செய்வது எதை விடுவது என்பதுதான் லேசில் வராது. அதைப் பற்றி ஒரே ஒரு சங்கதி சொல்கிறேன். அதற்கு மேல் சொல்ல எனக்கும் தெம்பு இல்லை.

அறுபதுகளில் செஞ்சியில் ஒரு பெண்கள் நடுநிலைப் பள்ளியில் நான் ஆயாவாக இருந்தேன். சேர்ந்தபோது எனக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை. ஆனாலும் ஆறாவது படிக்கிற பிள்ளையிலிருந்து தலைமை ஆசிரியை வரைக்கும் எல்லாருக்கும் நான் ஆயாதான். எனக்கு முன்னால் அங்கே இருந்தவர் ஒரு பியூன். ஓய்வு பெற்றுப் போகும் நாளில் சாவிக் கொத்தை என் கையில் வைத்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்.

"உள்ள இருக்கற புள்ளைங்கள டீச்சருங்க பாத்துப்பாங்க. வெளிய வர்ற புள்ளைங்க உன் பொறுப்பு. தண்ணி குடிக்க வருதா, அழ வருதா, சும்மா வருதான்னு பாத்துக்க."

வேறு ஒரு விவரமும் சொல்லித் தரவில்லை. எந்தச் சாவி எது என்றுகூடச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். ஒவ்வொரு பூட்டாகப் போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பள்ளிக்கு ஒரு சயன்ஸ் டீச்சர் வந்தார். சின்ன வயசு. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். ஆறாவது, ஏழாவது, எட்டாவது மூன்றுக்கும் அவர்தான். அதுவரைக்கும் எங்கள் பள்ளியில் சயன்ஸ் என்றால் புத்தகத்தைத் திறந்து ஒரு பெண் வாசிக்க மற்றவர்கள் கேட்பது. இவர் வந்த பிறகு புத்தகம் மூடியே இருந்தது. "எதிர்ல நிக்குது மலை. அதை விட்டுட்டு மலைப் படத்தை எதுக்குப் பார்க்கணும்?" என்பார். கோட்டை முதலில் வந்ததா, கோட்டைக்குக் கீழே இருக்கும் பாறை முதலில் வந்ததா என்று கேட்டு ஒரு வகுப்பு முழுவதும் பிள்ளைகளைச் சண்டை போட விட்டார்.

அவர் பாடம் நடத்தினால் வேலை எனக்கு. ஊமத்தம்பூ வேண்டும், எறும்புப் புற்று மண் வேண்டும், தட்டான் உதிர்த்த இறக்கை வேண்டும் என்று தினம் ஒன்று கேட்பார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே போவேன். "இன்னாத்தத் தொலைச்சிட்ட?" என்று கேட்காத ஆள் இல்லை.

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கு மரப்பெட்டியில் ஒரு மைக்ராஸ்கோப் வந்தது. தலைமை ஆசிரியை அதைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். அவரை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். "உடைஞ்சா உன்னைத்தான் கேப்பேன்" என்றார். அரிசிப் பானையைக்கூட நான் அவ்வளவு பத்திரமாகத் தூக்கியதில்லை.

சயன்ஸ் டீச்சர் என்னிடம் குளத்துத் தண்ணீர் கேட்டார். கொண்டு வந்தேன். அதில் வைக்கோலைப் போட்டுச் சன்னலோரம் வைக்கச் சொன்னார். நாள் ஆக ஆக நாற்றம் எடுத்தது. "ஊத்திடாதீங்க ஆயா, அதுலதான் விஷயமே இருக்கு" என்றார். நானும் அந்த நாற்றத்துக்குக் காவல் இருந்தேன்.

பிறகு ஒரு நாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, சன்னல் வெளிச்சத்துக்கு நேராக மைக்ராஸ்கோப்பை வைத்து, ஒரு சொட்டைக் காட்டினார்.

"ஐயோ, செருப்பு மாரி ஒண்ணு ஓடுதுடி!"

"எங்க அத்த மாரியே சும்மா சும்மா சுத்துது டீச்சர்."

"தள்ளுடி, நீயே பாத்துக்கினு இருந்தா எப்படி?"

கடைசியில் என்னையும் கூப்பிட்டுக் காட்டினார் டீச்சர். பார்த்தேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் கொண்டுவந்த தண்ணீர் அல்லவா.

அந்த வரிசையில் ஜினமதி என்று ஒரு பெண் இருந்தாள். சமணக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் பக்கத்தில் நயினார் வீடு என்போம். அவளுடைய அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்தார். அந்த வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். தண்ணீரை வெள்ளைத் துணியை மடித்துப் போட்டு வடிகட்டாமல் குடிக்க மாட்டார்கள். நாங்கள் எல்லாரும் தண்ணீர் எடுத்தது ஒரே நல்லதண்ணிக் கிணற்றில்தான். மலையடியில், படி வைத்துக் கட்டின பெரிய கிணறு. காலையில் நான் பள்ளிக்கூடத்துப் பானைக்குத் தண்ணீர் எடுக்கப் போகும்போது ஜினமதியின் அம்மா அங்கே இருப்பார். வடிகட்டி முடித்ததும் அந்தத் துணியைத் திருப்பிப் பிடித்து, வடிகட்டின தண்ணீரிலேயே ஒரு பாத்திரத்தில் அலசுவார். அலசின தண்ணீரை எடுத்துக்கொண்டு கடைசிப் படி வரைக்கும் இறங்கி, தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டு வருவார். துணியில் தங்கின உயிர், வந்த இடத்துக்கே போய்விட வேண்டும். அதுதான் வழக்கம். எங்களுக்கு அவசரம். "சீக்கிரம் ஏறி வா தாயி" என்று மேலிருந்து கத்துவோம். அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஜினமதி மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இது கொளத்துத் தண்ணிலதான டீச்சர்?"

டீச்சருக்கு ஒரே உற்சாகம். "குளத்துல மட்டுமா? நீ குடிக்கிற ஒவ்வொரு சொட்டுலயும் ஒரு உலகமே இருக்கு!"

"வடிகட்டினா போயிடும்தான?"

"துணிக் கண்ணுல இதெல்லாம் நிக்காதும்மா. எவ்வளவு சின்னது பாரு. ம், அடுத்தது யாரு?"

இதில் பொய் என்று எதுவும் இல்லை. கொஞ்சம் பெரிய வார்த்தை, அவ்வளவுதான். ஒவ்வொரு சொட்டிலும் ஒரு உலகம் என்பது வகுப்பில் சொல்ல நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளை அதைக் கேட்டது வகுப்புக்காக இல்லை. அது டீச்சரின் காதில் விழுவதற்குள் 'அடுத்தது யாரு' என்று வந்துவிட்டது. வரிசை நீளமாக இருந்தால் எல்லாருக்கும் இப்படித்தான் வரும். நீங்கள் ஆசிரியர்கள் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் வரிசையில் பார்த்து முடித்து வெளியே வருகிற பிள்ளையின் முகம் உங்களுக்குத்தான் தெரியும், டீச்சருக்குத் தெரியாது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளை தினமும் வீட்டிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பில் வடிகட்டின தண்ணீரும், வாயில் கட்டின வெள்ளைத் துணியுமாக வரும். சொம்புகளை வைக்க வராந்தாவில் ஒரு பலகை உண்டு. கூட்டும்போது நான் அவற்றைத் தூக்கி நகர்த்தி வைப்பேன். மறுநாள் காலையில் அந்தச் சொம்பைத் தூக்கினபோது இருந்த கனம் சாயங்காலமும் அப்படியே இருந்தது.

"இன்னாடி, தண்ணி குடிக்கலியா?"

"தாகமே இல்ல ஆயா."

பங்குனி மாதம். செஞ்சியைச் சுற்றி மூன்று பக்கமும் மலை. பகலெல்லாம் வெயில் வாங்கின பாறை பொழுது சாய்ந்த பிறகும் அனலை ஊதிக்கொண்டிருக்கும். அந்த ஊரில் பங்குனியில் தாகம் இல்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் அது நோயாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொய்யாக இருக்க வேண்டும். டீச்சர் அதற்குள் திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

காலையில் பிரார்த்தனை வரிசையில் ஜினமதி விழுந்துவிட்டாள்.

தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய டீச்சர் அறையில் கிடத்தினேன். உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. டம்ளரை வாயில் வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வேணாம் ஆயா. உள்ள இருக்கும்."

"இன்னாடி இருக்கும்?"

"உசுரு."

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. மைக்ராஸ்கோப் பார்த்த அன்றிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் குடித்திருப்பாள் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள், வீட்டில் குடிப்பாள் என்று இங்கே. வயிற்று வலி என்று சொல்லிச் சோற்றையும் ஒதுக்கிவிட்டு, ஒரு கீற்று கிர்ணிப்பழத்தில் நாளை ஓட்டியிருக்கிறாள். சயன்ஸ் டீச்சர் சுவரில் சாய்ந்து நின்றார்.

நான் ஓடிப்போய் அவளுடைய அப்பாவைக் கூட்டி வந்தேன். தலையெல்லாம் மல்லாட்டைத் தூசியோடு அப்படியே வந்தார். மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"யம்மா, குடிம்மா. தெனம் படுக்கறதுக்கு முன்ன நாம இன்னா சொல்றோம்? எந்த உசுருக்குத் தெரியாம தீங்கு செஞ்சிருந்தாலும் பொறுத்துக்கணும்னு கேட்டுக்கறோமா இல்லியா?"

"அது தெரியாம செஞ்சதுக்கு நைனா. எனக்குத்தான் இப்பத் தெரிஞ்சி போச்சே."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"கொதிக்க வெச்சுக் கொடுக்கலாம்" என்றார் பெரிய டீச்சர்.

"கொதிக்க வெச்சா செத்துடுமே டீச்சர்" என்றாள் பிள்ளை.

பெரிய டீச்சர் சயன்ஸ் டீச்சரையும் என்னையும் வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார்.

"டாக்டருக்கு ஆள் அனுப்பியிருக்கேன். அவர் வந்தா ஊசி வழியா தண்ணி ஏத்திடுவார். இன்னிக்குப் பொழச்சுக்கும். நாளைக்கு? நாளன்னிக்கு? ஆயா, நீ பஸ் ஷெட்டுக்கு ஓடு. பேட்டரிக்கு ஊத்துற காய்ச்சி வடிச்ச தண்ணி ஒரு பாட்டில் வாங்கிட்டு வா. அதுல ஒரு சொட்டைக் காட்டி, உன் சொம்புத் தண்ணிதான் இது, ஒண்ணுமே இல்ல பாருன்னு சொல்லிடலாம்."

"வேண்டாம் டீச்சர்" என்றார் சயன்ஸ் டீச்சர்.

"என்ன வேண்டாம்?"

"அந்தக் கண்ணாடி வழியா நான் ஒரு உண்மையைக் காட்டினேன். அதே கண்ணாடி வழியா ஒரு பொய்யைக் காட்ட மாட்டேன். என்னைக்காவது அவளுக்குத் தெரியும். அப்ப தண்ணியையும் நம்ப மாட்டா, என்னையும் நம்ப மாட்டா."

"நம்புறதுக்குப் பிள்ளை இருக்கணுமேம்மா! இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நயினார் வீட்டுலேர்ந்து இனிமே ஒரு பொண்ணு படி ஏறாது. அந்த மைக்ராஸ்கோப்பைப் பெட்டியில போட்டுப் பூட்ட வேண்டியதுதான். உன் வேலை என்ன ஆகும்னு யோசிச்சியா? ஆயா, நீ போ."

"போகாதீங்க ஆயா."

ஒருத்தர் போ என்கிறார், ஒருத்தர் போகாதே என்கிறார். இரண்டு பேரும் எனக்குப் பெரியவர்கள். உள்ளே ஒரு பிள்ளை நாக்கு வறண்டு கிடக்கிறது. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். நான் போகவும் இல்லை, போக மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. "மைக்ராஸ்கோப்ப எடுக்கணுமே, பீரோ சாவிய எங்கியோ வெச்சிட்டேன், தேடறேன்" என்றேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. பெரியவர்கள் இரண்டு பக்கம் இழுக்கும்போது மெதுவாகத் தேடுவதும் ஒரு வேலை. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது எழுதியிருக்காது. நான் தேடி முடிப்பதற்குள் சயன்ஸ் டீச்சர் உள்ளே போய்ப் பிள்ளையிடமே கேட்டுவிட்டார்.

"ஜினமதி, அன்னிக்குப் பார்த்தது வைக்கோல் ஊறின குளத்துத் தண்ணி. உன் சொம்புத் தண்ணியை நாம யாரும் பார்க்கலை. பார்க்காமலே நான் சொல்லிட்டேன். அது என் தப்பு. இப்பப் பார்ப்போமா? இருந்தா இருக்குன்னு சொல்வேன்."

பிள்ளை தலையை ஆட்டினாள். பெரிய டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பெட்டியை எடுத்து வந்து சன்னலோரம் வைத்தேன். சொம்புத் தண்ணீரை அவளே இன்னொரு தடவை துணியில் வடிகட்டினாள். ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து டீச்சர் திருகித் திருகிப் பார்த்தார். பிள்ளையை அவள் அப்பா தாங்கிப் பிடித்துக்கொள்ள, அவள் குனிந்து பார்த்தாள்.

"ஒண்ணு இருக்குது" என்றாள்.

டீச்சர் மறுபடியும் குனிந்து பார்த்தார்.

"ஆமா. ஒண்ணு இருக்கு" என்றார்.

"போச்சு" என்றார் பெரிய டீச்சர், மெதுவாக.

டீச்சர் அந்தக் கண்ணாடியைத் தனியாக வைத்துவிட்டு வேறொரு கண்ணாடியில் இன்னொரு சொட்டு வைத்தார். அதில் ஒன்றும் காணவில்லை. இன்னும் ஒரு சொட்டு. அதிலும் இல்லை.

"இதுல இல்லியா டீச்சர்?"

"எனக்குத் தெரியலைம்மா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். இந்தக் கண்ணாடிக்குத் தெரியலை."

பிள்ளை தனியாக வைத்திருந்த முதல் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்போ அந்த ஒண்ணு வீட்டுக்குப் போவணும்" என்றாள். "எங்கம்மா துணிய அலசி வுடுது இல்ல, அந்த மாரி. அது போயிடுச்சின்னா மீதியக் குடிக்கறேன். தெரிஞ்சத வுட்டுட்டேன்னு சொல்லிக்கலாம்."

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிறந்ததிலிருந்து கிணற்றங்கரையில் பார்த்துப் பார்த்து வந்தது. அப்பா துள்ளி எழுந்தார். "குடு, நான் கொண்டுபோய் வுட்டுட்டு வரேன்."

"நீ வேணாம் நைனா."

"ஏம்மா?"

"நீ எனக்காவப் பொய் சொல்லிடுவ. டீச்சரும் வேணாம். அவங்க அழுவறாங்க. ஆயா போவட்டும். ஆயா திட்டும், ஆனா உள்ளதச் சொல்லும்."

பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த சர்டிபிகேட் அது ஒன்றுதான். வேண்டுமானால் உங்கள் சங்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டம்ளரில் சொம்புத் தண்ணீர் கொஞ்சம் விட்டு, அந்தக் கண்ணாடியை அதில் முக்கி அலசினார் டீச்சர். அதுதான் அதன் வீடு வரைக்கும் வண்டி. வெள்ளைத் துணியால் மூடி என் கையில் கொடுத்தார். "மேலேர்ந்து ஊத்தக் கூடாது ஆயா" என்றாள் பிள்ளை. "தண்ணியத் தொட்டு வுடணும்."

வெளியே வந்தேன். உச்சி வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காலையிலேயே பானைகளுக்காகப் பல நடை போய் வந்திருந்தேன். காலில் செருப்பு கிடையாது. மண் பொரிந்தது. கடைத்தெருவில் டீக்கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"இன்னாக்கா, டம்ளர மூடிக்கினு எங்க போற?"

"கெணத்துக்கு."

"டம்ளர்ல இன்னா?"

"தண்ணி."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஊரே கெணத்துலேர்ந்து தண்ணி கொண்டாருது. பள்ளிக்கூடத்து ஆயா கெணத்துக்குத் தண்ணி கொண்டுபோவுது! படிச்சவங்களோட சேர்ந்தா இப்படித்தாண்டா ஆவும்."

எனக்கு நல்ல பதில் இருந்தது. சொன்னால் நிற்க வேண்டும், நின்றால் கால் சுடும். போய்விட்டேன்.

கடைத்தெரு தாண்டினால் ஒரு கள்ளிவேலி. அதற்கு அந்தப் பக்கம் ஒரு புளியமரம், நல்ல நிழல். அங்கே நின்றேன். உள்ளதைச் சொல்லும் என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டதால் உள்ளதைச் சொல்கிறேன். இங்கேயே வேர்மூட்டில் ஊற்றிவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனால் என்ன என்று தோன்றியது. யாருக்குத் தெரியப் போகிறது? டம்ளருக்குள் இருப்பது என் கண்ணுக்கே தெரியாது. போய் வந்த நேரம் சரியாக இருந்தால் போதும். பிள்ளை குடித்துவிடும். ஒருத்தருக்கும் நஷ்டமில்லை.

எது என்னை நடக்க வைத்தது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எனக்குப் பொய் நன்றாக வராது. திரும்பிப் போனதும் அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்கும். மூன்று பெரியவர்கள் இருக்கிற அறையில் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டது, பாவி. நடந்தேன்.

பங்குனியில் கிணறு பாதாளத்தில் இருந்தது. குடத்தைக் கயிற்றில் விட்டு இறைக்கிற பெண்கள் மேலே நின்றார்கள். நான் படியில் இறங்குவதைப் பார்த்து, "எங்கடி போற, மேலேர்ந்து ஊத்தேன்" என்று ஒருத்தி கத்தினாள். ஜினமதியின் அம்மாவைப் பார்த்து நாங்கள் கத்தினது ஞாபகம் வந்தது. இறங்கினேன். கடைசிப் படிகளில் பாசி பிடித்து வழுக்கியது. அதற்கும் கீழே தண்ணீர் விலகின இடத்தில் சேறு. கணுக்கால் வரைக்கும் சேற்றில் இறங்கி, குனிந்து, டம்ளர் விளிம்பு தண்ணீரைத் தொட, மெதுவாகச் சாய்த்தேன். தண்ணீரோடு தண்ணீர் கலந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. துணியையும் திருப்பி அலசினேன், அந்த அம்மா செய்வது மாதிரி. பிறகு ஏறினேன். ஏறினதைப் பற்றி எழுத வேண்டாம், இப்போது நினைத்தாலும் முழங்கால் வலிக்கிறது.

திரும்பி வந்து அறைக்குள் நுழைந்தபோது நாலு முகமும் என்னை நோக்கித் திரும்பின. டாக்டர் ஊரில் இல்லை என்று தகவல் வந்திருந்தது.

"போயிடுச்சா ஆயா?" என்றாள் பிள்ளை.

"போயிடுச்சு."

"உசுரோடவா போச்சு?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் தலைக்குப் பின்னால் அப்பா கையைக் கூப்பி, ஆமாம் என்று சொல் என்று கண்ணாலேயே கெஞ்சினார். பெரிய டீச்சர் தலையை வேகமாக ஆட்டினார். சயன்ஸ் டீச்சர் மட்டும் அசையாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்பது ஒரு சின்ன வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது.

"அது எனக்குத் தெரியாதுடி" என்றேன். "கண்ணாடி இல்லாம அத நான் எப்படிப் பாக்கறது? கடைசிப் படி வரைக்கும் எறங்கினேன். தண்ணியத் தொட்டு வுட்டேன். தண்ணியோட தண்ணி போச்சு. நான் பாத்தது அவ்ளோதான்."

பெரிய டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பார்வை கீழே இறங்கியது. என் கணுக்காலில் கிணற்றுச் சேறு வெயிலில் காய்ந்து, வெள்ளையாக வெடித்து, உள்ளே இன்னும் ஈரமாக இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேத்துல எறங்கினியா?"

"படி முடிஞ்சிபோச்சு. தண்ணி அதுக்கும் கீழ இருந்துது. எறங்காம எப்படித் தொட்டு வுடறது?"

கையை நீட்டினாள். அவள் அப்பா சொம்பை எடுத்துக் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினாள். பிறகு இரண்டு கையாலும் சொம்பைத் தூக்கிக் குடித்தாள். கழுத்து வழியாகச் சட்டையெல்லாம் நனைந்தது. அவள் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரிய டீச்சர் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தார். "ஆயா, அந்தப் பெட்டியைப் பீரோவுல வெச்சுப் பூட்டிடாத. ஏழாவது இன்னும் பார்க்கலை" என்று சொல்லிவிட்டு, சயன்ஸ் டீச்சரின் முகத்தைப் பார்க்காமலே மணி அடிக்கிற பக்கம் போனார்.

நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். உடம்பில் ஒரு சொட்டுத் தெம்பு இல்லை. உள்ளே பிள்ளை சொம்பைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"ஆயா."

"இன்னா?"

"நாளைக்கும் பாத்துட்டுத்தான் குடிப்பேன். இருந்துதுன்னா, போவியா?"

மலைப்பக்கம் பார்த்தேன். வெயில் பாறையில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"போறேன். நீ குடி."